வெறுங்கையோடு போகாதவன்

ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. அதனால்தான் அந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். எங்கள் நகரத்தின் ஓரத்தில், பாட்டனி டவுன்ஸில் நாங்கள் பன்னிரண்டு தமிழர்கள் ஒரு சிறிய பஸ்ஸில் ஏற, அந்த பஸ், வண்டிகளை ஏற்றும் படகில் ஏறும். தீவில் இறங்கி ஓடும். மறுபடி படகு, மறுபடி தீவு. கடல் அறுத்துப் போட்ட நிலத்தைச் சக்கரங்களால் தைத்துக்கொண்டே போவோம் என்று நினைத்தபோது நெஞ்சு அதிர்ந்தது.

பஸ்ஸின் சொந்தக்காரரே ஓட்டினார். மலேசியத் தமிழர், என் வயதுதான் இருக்கும். ஏறிய ஒவ்வொருவரையும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு எழுந்து நின்று சொன்னார்:

"செடி, மண்ணு ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க லா. தீவுல வெளி எறும்பு ஒண்ணு இறங்கினாலும் அப்புறம் என் பஸ்ஸை விட மாட்டாங்க. இந்தத் தீவு ஓட்டம்தான் எனக்குச் சோறு."

என் பையில் தொட்டியோடு ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது.

இரண்டாவது தீவில் என் தோழி நர்ஸாக இருந்தாள், யாழ்ப்பாணத்துக்காரி. அங்கே கறிவேப்பிலை கண்ணில் காண முடியாது என்று எப்போதோ சொல்லியிருந்தாள். கிளம்பும் முன் போனில், "ஒண்டும் கொண்டு வராதேங்கோ. பூக்கண்டு கீக்கண்டு ஒண்டும் வேண்டாம். நீங்கள் வந்தாலே போதும்" என்றாள்; கண்டு என்றால் அவள் ஊரில் செடி. நம்மவர்கள் எப்போது 'கொண்டு வா' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்? வேண்டாம் என்றால் அது உபசாரம். வேண்டாம் என்றவர் கையில் திணிப்பதுதான் நான் கற்ற மரியாதை. ஓட்டுநர் சொன்னதையும் யாரோ கவனமில்லாதவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். என் செடி பிளாக்ஹவுஸ் பேயில் என் வீட்டில் மூன்று குளிர்காலம் ஜன்னலோரம் வளர்ந்த பிள்ளை.

முதல் நாள் வைஹெக்கே தீவு. திராட்சைச் சரிவுகள், அவற்றுக்குக் கீழே எங்கும் கடல். இரண்டாம் நாள் காலை, யாரும் ஏறுமுன் பையை என் இருக்கையடியிலிருந்து எடுத்துக் கடைசி வரிசைக்குப் பின்னால், பொது மூட்டைகளுக்கு நடுவே மாற்றி வைத்தேன். அப்படியென்றால் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இரண்டாவது தீவின் பெயரை எழுத எனக்கு முகமில்லை. படகில் ஏறும்போதே எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓட்டுநர்தான் செடி, மண் எதுவும் இல்லை என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இறங்குதுறையில், எறும்பை மோந்து பிடிக்கப் பழகிய நாயோடு ஒரு அதிகாரி பஸ்ஸுக்குள் வந்தாள். நாய் நேராகப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அவள் தொட்டியைத் தூக்கியபோது அடியிலிருந்து எறும்புகள் அவள் கையுறையில் ஏறின.

"யாரோடது இது?" ஓட்டுநர் தமிழில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"யாருங்க, சொல்லிடுங்களேன்" என்றது முன்வரிசைப் பெண்குரல் ஒன்று. "நம்ம மானமே போகுது."

நானும் மற்றவர்களைப் போலத் திரும்பிப் பின்னால் பார்த்தேன். கவலைப்படுகிற முகத்தைக்கூட வைத்துக்கொண்டேன்.

ஓட்டுநர் அதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில், "என்னுடையது. மறந்துவிட்டேன்" என்றார்.

பஸ் படகை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். நாங்கள் இறங்கலாம், மாலை அதே படகில் திரும்ப வேண்டும். செருப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோழி வீட்டுக்கு நடந்தேன். மீன் பொரித்து வைத்திருந்தாள்.

"பஸ் எங்க?"

"ஏதோ ரிப்பேர்."

"ஐயோ, பாவம் அந்த மனுசன். சாப்பிட்டவரோ?"

"ம்" என்றேன். அவள் மீண்டும் பரிமாறினாள். மறுக்காமல் சாப்பிட்டேன்.

மாலையில் பஸ்ஸில் ஏறியபோது எறும்பு மருந்து நெடி. இந்தத் தீவுக்கு இனி அவர் பஸ் வர முடியாதாம். முன்வரிசைப் பெண்மணி கிசுகிசுத்தாள்: "கையெழுத்து வேற போட்டுட்டு, எவ்வளவு அஜாக்கிரதை பாருங்க." நான் தலையாட்டினேன்.

படகு நகர்ந்தது. அவர் துடைப்பமும் வாளியுமாகப் பின்னாலிருந்து நடைபாதையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். மண் சிந்திய தடம் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு, விட்டு விட்டு, என் இருக்கையில் வந்து முடிந்தது. அவர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்து பார்ப்பார், ஏதாவது கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே" என்றார்.

தூக்கிக்கொண்டேன்.