முக்காலும் நடு அறையும்

என் சின்னம்மாவின் கடைசி மகளை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முக்கால் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தது எங்கள் தாய்மாமன். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் நெடுநெடுவென்று வளர, இவள் மட்டும் கதவுத் தாழ்ப்பாளுக்கு எட்டாமல் நின்றுவிட்டாள். "ஆள் முழுசா வரல, முக்கால்தான் வந்திருக்கு" என்றார் மாமன். அது ஒட்டிக்கொண்டது. கட்டிக்கொடுத்த வீட்டிலும் அதே பெயர்தான். அவள் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிட்டான், கொஞ்சம் மெதுவாக.

அவன் அண்ணன் தம்பி மூன்று பேரில் நடுவன். லாரி ஓட்டினான். அவர்கள் அறையும் வீட்டின் நடுவில். முன்பக்கம் முழுக்க மூத்தார் குடும்பம், பின்பக்கம் கொழுந்தன் குடும்பம். தெருவுக்குப் போக முக்கால் மூத்தாரின் கூடத்தைத் தாண்ட வேண்டும், தண்ணீர் பிடிக்கக் கொழுந்தனின் சமையலறையைத் தாண்ட வேண்டும். புருஷன் இருந்தவரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

ஒரு மழைக்காலத்தில் சேர்ந்து போன மூன்று லாரிகளில் இரண்டுதான் திரும்பின. அவன் லாரி பாலத்திலிருந்து விழுந்துவிட்டது என்று மற்ற இருவரும் வந்து சொன்னார்கள். முக்கால் அதற்கும் "சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்த ஒரு சொல்தான். சாப்பிடு என்றால் சரி, படு என்றால் சரி. அழுதால் தேவலை என்று நாங்கள் எல்லோரும் காத்துக்கிடந்தோம். அவள் அழவில்லை.

நானும் அவளும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். கொடி தைக்கும் பட்டறை. அவள் மெஷினில் தைப்பாள், நான் பக்கத்தில் பிசிறு வெட்டுவேன். அதனால் அவள் வீட்டுக் கதை எனக்கு அன்றன்றைக்கே வந்துவிடும். மூத்தார் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நடு அறைச் சுவரை இடித்துவிட்டால் கூடம் பெரிதாகும் என்று மூத்தார் கணக்குப் போட்டார். "மாடிப்படிக்குக் கீழ உனக்கு ஒரு கட்டில் போட்டுடலாம்மா" என்றாராம். இவள் "சரி அத்தான்" என்றிருக்கிறாள்.

"ஏண்டி, மூளை இருக்கா? மாமனார் மூணு பேருக்கும்னு கட்டின வீடு. அந்த அறையும் போயிட்டா அந்த வீட்ல உனக்குன்னு என்னடி இருக்கு?"

"சரிக்கா."

தலையில் அடித்துக்கொண்டேன். கொத்தனார் வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்குப் பெரிய வேலை வந்தது. பல நாட்டுக்காரர்கள் கூடும் ஏதோ ஒரு கூட்டம். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் வைக்க மேஜைக் கொடி வேண்டும். குட்டி நாடுகளை எல்லாம் முக்காலிடம் தள்ளினார் வெட்டு மாஸ்டர். "ஆளுக்கேத்த நாடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் துணியை வாங்கிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு வாய் ஓயாது. கத்தரிக்கோல் ஓடும்போது வாயும் ஓடும். "இது வாடிகன். ஒரு ஊருக்குள்ளயே ஒரு நாடு. துணிய காயப்போட்டுட்டுக் கிளம்பினா, அது காயறதுக்குள்ள நாட்டையே சுத்தி வந்துடலாம். ஆனா கொடி சதுரமாத்தான் வேணும். மத்ததெல்லாம் நீட்டமா இருக்கேன்னு இதை நீட்டிப்புடாதே. இது நவ்ரு. கடல்ல ஒரு துணுக்கு. தலைநகரம்னு ஒண்ணு கிடையாதாம்."

"முதலாளி இல்லாத பட்டறை மாதிரி. நிம்மதி" என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

"இது சான் மரினோ. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு தலைவர் மாறுவாங்க."

"ஒருத்தனையே எங்களால ஆறு மாசம் தாங்க முடியல" என்றாள் இஸ்திரிக்காரி.

"கேளுங்கம்மா. இதுக்கு நாலு பக்கமும் இத்தாலி. எந்தப் பக்கம் கால் வச்சாலும் இன்னொருத்தன் மண்ணு."

முக்காலின் மெஷின் நின்றது. மாதக்கணக்கில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அப்ப வெளிய போகணும்னா?"

"அவன் வழியாத்தான் போகணும்."

"விடுவாங்களா?"

"விடாம? நூத்துக்கணக்கான வருஷமா போயிட்டு வந்துட்டுத்தானே இருக்கான்."

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள்.

அடுத்து வந்தது லீக்டன்ஸ்டைன். அந்தப் பெயரைச் சொல்வதற்குள் மாஸ்டருக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது. அங்கே இப்போது பட்டாளம் இல்லை, முன்னே இருந்தபோது எண்பது பேர் கடைசியாகப் போருக்குப் போய் எண்பத்தோரு பேராகத் திரும்பினார்கள் என்று ஒரு கதை உண்டு என்றார். வழியில் ஒரு சிநேகிதன் சேர்ந்துகொண்டானாம். பட்டறையே சிரித்தது.

முக்கால் மட்டும் கேட்டாள். "அந்த ஒருத்தனை அவன் வீட்ல தேடியிருக்க மாட்டாங்களா?"

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் முதலாளி அவள் தைத்த லீக்டன்ஸ்டைன் கொடிக்கட்டை எடுத்துப் பார்த்துக் கத்தினார். மேலே நீலம், கீழே சிவப்பு, தையல் எல்லாம் நேர்தான். நீலத்தில் வைத்துத் தைக்க வேண்டிய தங்கநிறக் கிரீடம் ஒன்றில்கூட இல்லை. வெட்டி வைத்த கிரீடங்கள் அத்தனையும் அவள் கைப்பக்கத்துத் தட்டிலேயே கிடந்தன.

"எந்த நாட்டுக் கொடிம்மா இது? வேற ஒருத்தன் கொடியை இவன் நாற்காலி முன்னால வச்சா நம்மள சும்மா விடுவானா?"

"சரிங்க" என்றாள் முக்கால்.

"என்ன சரி?"

மாஸ்டர்தான் குறுக்கே வந்தார். "விடுங்க முதலாளி, பிரிக்க வேண்டியதில்ல, மேல வச்சுத் தச்சா போதும்." அவளிடம் திரும்பிச் சொன்னார். "இந்த நாட்டுக்காரங்க ஒரு விளையாட்டுப் போட்டிக்குப் போனப்பத்தான் பார்த்திருக்காங்க, ஹைட்டின்னு இன்னொரு நாட்டுக்காரன் கொடியும் இதே நீலம், இதே சிவப்பு. அப்புறம் இவங்க கிரீடம் வச்சுக்கிட்டாங்க."

"நிறத்தை மாத்தலையா?"

"ஏன் மாத்தணும்? அது அவங்களோடதுதானே. இது யாருதுன்னு தெரியறதுக்கு ஒரு அடையாளம் வேணும், அவ்வளவுதான்."

அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். விளக்குப் போடும்வரை கிரீடம் தைத்தாள். நான் கூடவே பிசிறு வெட்டினேன்.

கொத்தனார் வரும் காலையில் பெட்டி தூக்க உதவலாம் என்று நானும் போனேன். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாயிற்று. முக்கால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போட்டது போட்டபடி கிடந்தது.

"சாமானெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார் கொத்தனார்.

"இல்ல. நான் இங்கதான் இருப்பேன்."

'சரி' சொல்கிற அதே குரல். ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது. அதனால் யாருக்கும் முதலில் புரியவில்லை.

"அன்னிக்கு சரின்னியேம்மா?" என்றார் மூத்தார்.

"சொன்னேன் அத்தான். எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. இப்ப இல்லன்னு சொல்றேன்."

மூத்த ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வர்றவங்க எல்லாம் எங்கடி உக்காருவாங்க? உன் தலைமேலயா?"

"கதவைத் திறந்து வைக்கறேன்க்கா. இங்கயும் உக்காரட்டும். சுவர் மட்டும் இருக்கட்டும்."

"பார்றா! வீட்டுக்குள்ள தனி ராஜ்யமா?" என்று பின்னாலிருந்து கொழுந்தன் நக்கல் அடித்தான்.

"வழி விட்டா போதும் தம்பி."

மூத்தார் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். அடித்தோ இழுத்தோ வெளியேற்றுகிற மனுஷன் இல்லை அவர். அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். வேண்டாம் என்று அவர் கையசைத்ததும் கொத்தனார் சம்மட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் முக்காலின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சீட்டாடினார்கள். அவள் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்த ஓரகத்தி அவளோடு பேசவில்லை.

கல்யாணத்துக்குப் போட்ட லீவு முடிந்து பட்டறைக்குத் திரும்பிய அன்று அவளைக் கூப்பிடப் போய் வாசலில் நின்றேன். புருஷன் போனதிலிருந்து அந்தக் கூடத்தைத் தலையைக் குனிந்தபடி, திருடி மாதிரி கடப்பாள். அன்று நடுவில் நின்றாள். "போயிட்டு வரேன்க்கா" என்றாள்.

ஓரகத்தி தலை நிமிராமல், பழக்கத்தில், "ம்" என்றாள்.

தெருவில் இறங்கியதும் கேட்டேன். "இப்ப மனசுக்கு நல்லாருக்காடி?"

சாப்பாட்டுத் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியலக்கா. பாபின்ல நீல நூல் தீர்ந்துபோச்சு. போனதும் சுத்தணும்."