ஓடாமல் கரைத்த கொழுப்பு

என் உடம்பில் நூற்றுக்கு இருபத்துமூன்றரைப் பங்கு கொழுப்பு என்று வெள்ளவத்தையில் ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். என்னைத் தெரிந்த எவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு முழுக்கக் கொழுப்பு என்றுதான் கேள்வி.

கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலைக்கான மருத்துவப் பரிசோதனை அது. கப்பல்காரர் வைத்த எல்லை இருபத்திரண்டு. அளந்தவர் அந்தச் சின்ன ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த நடுவயது முஸ்லிம் மனிதர். மேற்கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்புக்கு மேல் என்று நாலு இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கி, முள் ஓடும் ஓர் இடுக்கியால் கவ்வினார். கவ்வியதும் வாசித்துவிட வேண்டுமாம். பிடித்துக்கொண்டே நின்றால் உள்ளே கிடப்பது நசுங்கி முள் இறங்கிவிடுமாம். நாலையும் கூட்டினால் அறுபது மில்லிமீற்றர். பிறகு சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் என் வயதுக்குரிய நிரலைத் தேடினார். நான் அப்போதும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன்.

"தம்பி, வயித்த எக்கி என்ன செய்ய? நான் அளக்கிறது தோல" என்றார்.

பத்து நாள் கழித்து வந்தால் இன்னொரு முறை அளப்பதாகவும், அதிலும் தவறினால் அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

அதே பத்தாம் நாள்தான், யுத்த காலத்தில் வெளியூர்த் தமிழர் எடுக்க வேண்டிய, கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்குவதற்கான என் பொலிஸ் பதிவும் முடிவதாக இருந்தது. கப்பல் வேலைக்குத் தகுதியென்று ஆய்வுகூடக் கடிதம் கிடைத்தால் நீடிப்பார்கள். இல்லாவிட்டால் நான் காரணமில்லாமல் கொழும்பில் நிற்கும் தமிழன். அந்தக் குற்றத்துக்காக முன்பே ஒரு தடவை பதினேழு நாள் உள்ளே இருந்திருக்கிறேன். அங்கே கொழுப்பு நன்றாகக் கரையும். அளந்து எழுதித் தரத்தான் ஆள் இல்லை.

ஓடினால்தான் குறையும் என்றார் என்னுடன் அறையில் இருந்த அண்ணை. மறுநாள் விடிந்ததும் ஜிந்துப்பிட்டிப் பக்கமாக ஓடினேன். தமிழ்ப் பெடியன் கொழும்பில் ஓடக்கூடாது என்பது காவலரணைக் கண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஏன் ஓடுகிறாய் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். கொழுப்புக் கூடிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். கொழுப்புக்குச் சிங்களம் தெரியாததால் எண்ணெய்க்குரிய 'தெல்' என்பதை எடுத்தேன். 'கூட', அதாவது அதிகம், என்பதற்கு அவர்களிடம் ஒரு சொல் உண்டு; வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டும். பயத்தில் என் வாய் அகலவில்லை. 'தெல் வெடி' என்றுதான் வந்தது. வெடி என்றால் நமக்கு என்னவோ, அவர்களுக்கும் அதுதான். எண்ணெய் எங்கே, வெடி எங்கே என்று நெஞ்சுக்கு நேரே நீண்ட இரண்டு துவக்குகள் என்னைக் கேட்டன.

லொட்ஜ்காரர் பதிவுப் புத்தகத்தோடு வந்து என்னை மீட்க மூன்று மணித்தியாலம் ஆனது.

"உனக்கு உடம்பில இல்லையடாப்பா, வாயிலதான் கொழுப்பு. அதை எந்த இடுக்கியாலை அளக்கிறது?" என்றார் அண்ணை.

அதன்பிறகு அறைக்குள்ளேயே, கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, நின்ற இடத்தில் ஓடினேன். வெளியே வாகனம் நிற்கும் சத்தம் கேட்டால் நானும் நிற்பேன். காலையில் ஒரு துண்டுப் பாண், பின்னேரம் வெறுந்தேத்தண்ணி. அண்ணை உடுப்புக் கிளிப்பால் என் இடுப்பைக் கவ்விப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஏழாம் நாள் கம்பளியில் தலைசுற்றி விழுந்து, எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். உள்ளே இருந்த பதினேழு நாளும் அப்படித்தான் கிடந்தேன்.

பத்தாம் நாள் கூட்டுத்தொகை ஐம்பத்தைந்து. ஆய்வுகூடக்காரருடைய விரல் அட்டவணையில் இருபத்திரண்டரையில் போய் நின்றது. பக்கத்து நிரலை நானும் பார்த்தேன். இருபதுகளில் இருப்பவனுக்கு அதே ஐம்பத்தைந்துக்கு இருபதுதான். போன முறை எடுத்த அறுபதுக்குக்கூட இருபத்தொன்றுதான். எனக்கு இருபத்தைந்து வயது. ஏழு வருட அனுபவம் காட்ட வேண்டுமென்று ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில் என்னை முப்பத்திரண்டு ஆக்கியிருந்தான். உண்மையில் நான் அதுவரை எண்ணெய் போட்டது என் தலைக்கு மட்டும்.

அவர் பாஸ்போட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டா?"

"ஓம்."

"மெய்யா?"

இல்லையென்றால் கள்ளப் பாஸ்போட். ஓம் என்றால் கொழுப்பு. நான் மறுபடி வயிற்றை எக்கிக்கொண்டேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு, மறுபடி சேட்டைக் கழற்றச் சொன்னார். இடுப்புத் தோலைக் கவ்வினார். கவ்வியவர் வாசிக்கவில்லை. எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், கப்பலில் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தோல் எரிந்தது. நான் பதில் சொல்லச் சொல்ல முள் மெல்ல இறங்கியது. மற்ற மூன்று இடத்திலும் அப்படியே விசாரித்தார். என் குடும்பத்தைப் பற்றி அவ்வளவு அக்கறையாக அதற்குமுன் எவரும் கேட்டதில்லை.

"ஐம்பத்திரண்டு" என்று அட்டவணையைப் பார்த்தார். "இருபத்திரண்டுக்குக் கீழ."

கையெழுத்து வைத்துக் கடிதத்தை நீட்டினார். பொலிஸ் பதிவுக்காரர் வேலை முடித்து எழும்ப ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. சேட்டுப் பொத்தானைப் பூட்டியும் பூட்டாமலும் கதவுக்குப் பாய்ந்தேன்.

"தம்பி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஓடாமப் போங்க."