கடைசியில் இறங்குபவர்

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், மொரப்பூர் போகும் ரயிலில் எதிரே இருந்தவர் சாயம்போன நீலக் கோட்டும் டையும் அணிந்திருந்தார். வண்டி கிளம்பியதும் ஆளுக்கொரு மிட்டாய் நீட்டினார்.

"ரயிலுக்கு எதுக்குங்க மிட்டாய்?" என்றேன்.

"பிளேன் ஏறறப்ப காது அடைக்கும்னு குடுப்போங்க. சின்னக் கம்பெனி, டிக்கெட்டு மலிவு. வேட்டி கட்டுன வெவசாயிங்ககூட வந்தாங்க. அப்பறம் மிட்டாய நிறுத்துனாங்க, பிளேனயும் நிறுத்திட்டாங்க. பழக்கம் போவலைங்க."

மொரப்பூர் மில் ஒன்றில் வாட்ச்மேன் வேலை கேட்கப் போகிறாராம்.

ஸ்டேஷன் வந்ததும் கதவோரம் நின்று, இறங்கிய ஒவ்வொருவரையும் கும்பிட்டு அனுப்பினார். கடைசியாக நான் இறங்கியபோதே வண்டி நகர்ந்துவிட்டது.

"சீக்கிரம் எறங்குங்க!" என்று கத்தினேன்.

கூப்பிய கையைப் பிரிக்காமல் சொன்னார்: "போயிட்டு வாங்க."