குடையக்கா செய்தி வாசித்த வாரம்

நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தி வாசிப்பவர் வாயை மூடிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டால், அவரைப் பாராட்டுவதா, வீட்டுக்கு அனுப்புவதா? அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பு யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஊரே அவரைக் குடையக்கா என்றுதான் கூப்பிட்டது. வெள்ளம், புயல், உடைந்த பாலம் என்று எங்கே என்ன நடந்தாலும், ஒரு கையில் மைக்கும் மறு கையில் குடையுமாகத் தொலைக்காட்சியில் நிற்பவர் அவர்தான். காற்றில் குடை மடங்கும். அக்காவின் குரல் மடங்காது.

நிருபராகச் சேர்ந்த நாள் முதல் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. "ஸ்டுடியோவுல உக்காந்திருக்கறவங்க கேக்கறாங்க, நான் பதில் சொல்றேன். ஒரு தடவையாவது நான் கேக்கணும்" என்பார். பஸ் ஓட்டுநரான கணவர், "வீட்டுல கேக்குற கேள்வியெல்லாம் பத்தலையா?" என்று சிரிப்பார்.

மதியச் செய்தி வாசித்தவர் வேலை மாறிப் போனார். செய்தி ஆசிரியர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஒரு வாரம் பாப்போம். சரிவந்தா நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா மறுபடியும் மழைதான்."

திங்கட்கிழமை அக்கா வணக்கம் சொன்ன வேகத்தில், ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். புயலில் கத்திப் பழகிய தொண்டை அது. "அக்கா, கேமரா இங்கதான் இருக்கு, அடுத்த ஊர்ல இல்ல" என்றார். மறுநாள் குரல் இறங்கியது. ஆனால் புதன்கிழமை மானம் போயிற்று.

அன்று சந்தையில் நின்றவர் மீசையண்ணன். அக்காவோடு ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்த நிருபர். ஸ்டுடியோவில் கேட்கும் கேள்வி வெளியே நிற்பவர் காதுக்குப் போய், அவர் பதில் திரும்பி வருவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளி அக்காவுக்குத் தெரியாததா? ஆனால் படபடப்பில் மறந்துவிட்டது. "வெங்காயம் என்ன விலை?" என்றார். பதில் இல்லை. கேட்கவில்லையோ என்று மறுபடியும் கேட்டார். அதே நொடியில் அண்ணனின் பதில் வந்து மோதியது. இவர் நிறுத்தினார், அவரும் நிறுத்தினார். "சொல்லுங்க" என்றார் இவர். "கேளுங்க" என்றார் அவர். குறுகலான வாசலில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு குண்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டது. கடைசிவரை வெங்காய விலை யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் அண்ணன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எத்தனை வருஷம் இதே கஷ்டத்தைப் பட்டோம்! நாற்காலியில உக்காந்ததும் மறந்துபோச்சா?"

"விடுண்ணே, நானே நொந்து போயிருக்கேன்."

வியாழக்கிழமை சிரிப்பெல்லாம் அடங்கியது. மீன்பிடிக்கப் போன படகு ஒன்று புயலில் சிக்கித் திரும்பவில்லை. மறுநாள் மதியம், செய்தி தொடங்கிய சற்று நேரத்தில், துறைமுகத்துக்கு வெளியே ஏதோ ஒரு படகு தெரிவதாகத் தகவல் வந்தது. மீசையண்ணன் படகுத்துறையில் நின்றார். அவருக்குப் பின்னால் மீனவர்களின் குடும்பங்கள்.

"நம்ம படகுதானாண்ணே?" என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான். உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

பதில் வரவில்லை. காதில் செருகிய கருவியில் தயாரிப்பாளர் அலறினார். "பேசுங்க! நாடே பாத்துட்டு இருக்கு, எதையாவது பேசுங்க!"

அக்கா பேசவில்லை. மேசைக்கு அடியில் அவருடைய விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. இன்றோடு நாற்காலி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் திரையில் அண்ணன் கேமராவுக்கு முதுகைக் காட்டி, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காதில் கேள்வி விழுந்திருந்தது. பதில்தான் இன்னும் வந்துகொண்டிருந்தது.

அப்போது படகின் ஊதல் ஒலித்தது. யாருடைய பேச்சும் குறுக்கே இல்லாததால் அது வீடுவீடாகக் கேட்டது. அதன் மேலேயே ஒரு பெண்ணின் குரல்: "வந்துட்டாங்கடி! ஏய், உங்கப்பாடி, அதோ கையாட்டுறாரு!"

அண்ணன் திரும்பினார். மீசை நனைந்திருந்தது. "எல்லாரும் இருக்காங்கம்மா. ஒருத்தர் விடாம இருக்காங்க" என்றார். அக்கா அழுதார், சிரித்தார், பிறகுதான் அடுத்த செய்திக்குப் போனார்.

ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தபோது ஆசிரியர் காத்திருந்தார். "தயாரிப்பாளர் சொன்னதை ஏன் கேக்கல?"

"அவரு பதில் சொல்லட்டும்னு இருந்தேன் சார்."

"திங்கட்கிழமையும் அப்படியே இருங்க. நாற்காலி உங்களோடது."

வீட்டில் கணவர் இந்தச் சேதியைத் தன் அம்மாவிடம் சொன்னார். மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "வாயை மூடினதுக்கா வேலை குடுத்தாங்க? அதை இங்க செஞ்சிருந்தா நானே சம்பளம் குடுத்திருப்பேனே!" சொல்லிவிட்டு மருமகளின் கன்னத்தை இரு கைகளாலும் வழித்து முத்தமிட்டார்.

ஒரு கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.