பவளத்துக்கு ஊற்றிய பொட்டாசியம்

அந்தப் பவளம் என் கையால்தான் செத்தது.

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டு அக்கா வளர்த்தது அது. கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் வளரும் உயிருள்ள பவளம், கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் இருவரும் டீயோடு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவோம். ஏழு மணியானால் அக்கா தொட்டி விளக்கை அணைத்துவிடுவார். கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்து நானும் எழுந்து வந்துவிடுவேன்.

அக்கா மாற்றலாகிப் போனபோது தொட்டியை என்னிடம் விட்டுப்போனார். இரண்டாம் மாதமே பவளம் வெளுத்தது. நான் நாமகிரிப்பேட்டை மஞ்சள் விளையும் காட்டில் வளர்ந்தவள். இலை ஓரம் கருகினால் பொட்டாசியச் சத்துக் குறைவென்று பொட்டாஷ் உரம் வைத்துப் பழகிய கை. பொட்டாசியம் குறைந்தால் பவளமும் நிறம் மங்கும் என்று எங்கோ படித்ததும், ஒரு பாட்டில் வாங்கி மூடி மூடியாக ஊற்றினேன். நான்காம் நாள் தோல் உரிந்து வெள்ளைக் கூடுதான் மிஞ்சியது.

அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அளந்து பாத்துட்டு ஊத்துனியா சாமி?"

"இல்லீங்கக்கா."

"உப்புத்தண்ணி மாத்தறப்பவே அந்தச் சத்து வந்துருமே. லைட்டு எத்தன மணி வரைக்கும் எரியுது?"

"தூங்கற வரைக்குமுங்க. அதப் பாத்துட்டு உக்காந்திருந்தா நீங்க இருக்கற மாதிரியே இருக்குமுங்க."



"அத்தன வெளிச்சம் அதுக்குத் தாங்காது சாமி. அதனாலதான் ஏழு மணிக்கு அணைப்பேன். அப்பெல்லாம் நீ எதுக்கு உடனே எந்திரிச்சுப் போயிர்றீன்னுதான் எனக்குப் புரியாது."

இப்போது தொட்டியில் புதிதாக ஒரு சிறு பவளத் துண்டு வளர்கிறது. ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுந்து மட்டும் போவதில்லை.