“வெள்ளம் வருதுலே!”

போன வருடம் பங்குனிக் கடைசியில், குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இது நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடியப்பட்டணத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்திருக்கிறேன், கேரளத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. அப்போது ஒரு முதலாளியிடம் தேன்பெட்டி பார்க்கிற வேலை. ஓடைக்கரையில் பெட்டிகளை வைத்து, பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தேன்.

அன்று காலை டீக்கடைப் பேப்பரில் மாவட்டத்து மழை விவரம் பார்த்தேன். ஊர் ஊராகப் போட்டிருப்பார்கள். நான் இருந்த பக்கத்தில் மழையே இல்லை. பெட்டிக்குப் பயமில்லை என்று பேப்பரை மடித்துவிட்டேன். மேலே மலையடி ஊர்களுக்கு நேரே நல்ல மழை போட்டிருந்தது. கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை.

குடிக்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. அக்கரையில் ரப்பர் பால் எடுக்கிற ஓர் அக்காவின் வீடு. அவரிடம் கேட்டேன்.

“குழாயில இன்னும் வெள்ளம் வரல்ல. உச்சைக்கு மேல வரும். வந்தா விளிச்சுச் சொல்லுகேன்” என்றார்.

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர்.

மதியம் வெயில் கொளுத்தியது. ஓடையில் கணுக்கால் நனையக்கூட நீரில்லை. நடுவில் இருந்த பாறையில் மரநிழல் விழுந்தது. துண்டை விரித்துப் படுத்துவிட்டேன். தூரத்து மலையில் இடி உருண்டது. கோடையில் மலை இடிக்காத நாள் ஏது?

திடீரென்று மேட்டிலிருந்து அக்காவின் குரல். “ஏலே தேன்காரா! வெள்ளம் வருதுலே!”

படுத்தபடியே காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். “குடத்துல பிடிச்சு வையுங்க அக்கா, பெறவு வாறேன்!”

“மேல கேறி வாலே மண்டா! வெள்ளம்! வெள்ளம்!”

“அவ்வளவு தாகம் இல்லக்கா!” என்று சிரித்தேன்.

அடுத்த நொடி தோளில் சுரீர் என்று ஓர் அடி. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்! பாதி உறைந்த பால் என் முகத்தில் தெறித்தது. இரண்டாவது சிரட்டை காதை உரசிப் போனது. வந்ததே எனக்குக் கோபம்! லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சண்டை போடத்தான், ஒரே மூச்சில் அந்த மேட்டில் ஏறினேன்.

“என்னக்கா, கிறுக்கா ஒங்களுக்கு?”

அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.

பத்து லாரி சேர்ந்து வருவதுபோல் சத்தம். ஓடை வளைவில் செம்மண் நிறத்தில் ஒரு சுவர் திரும்பியது. முறிந்த கிளைகள், வேரோடு வந்த வாழைகள். நான் படுத்திருந்த பாறையைக் காணவில்லை! தலைக்கு மேலே மட்டும் அதே வெயில். ஒரு துளி மழை இல்லை.

எதிர்க்கரையில் தாழ வைத்திருந்த மூன்று பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து ஓடின. என்னையறியாமல் இறங்கப் போனேன். அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

“பெட்டி போனா ஆசாரி வேற செய்வான். உன்ன எவன்லே செய்வான்?”

மலையில் இருக்கும் அவருடைய தங்கச்சி போன் செய்து, மேலே பேய்மழை, ஓடை முட்டிக்கொண்டு இறங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள். கேட்டதும் போனைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

பெட்டிகளுக்காக முதலாளி ஏசினார். ஏச்சு எனக்குப் புதிதல்ல. அந்த வேலையும் அடுத்த மாதமே போய்விட்டது. அந்த அக்கா மட்டும் பொறுமையாக எனக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டு நின்றிருந்தால், இன்று நான் இல்லை. அதனால்தான் இப்போதெல்லாம் யாராவது என்னைப் பார்த்துக் கத்தினால், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என முதலில் எழுந்து நின்றுவிடுகிறேன்.