தன்னையே சந்தித்த கையுறைக்காரர்

இங்கிலாந்தின் லட்லோ ஊரில், எங்கள் தெருவில் கையுறை தைத்துக்கொண்டிருந்த தர்ஸ்டன், வருடம் தவறாமல் ஒரு கனவுப் பாட்டு கட்டுவார். மே மாதக் காலை, ஓடைக்கரை, குயில் சத்தம், கண் அசந்தது என்று ஆரம்பிக்கும். ஒளி வீசும் பெண் ஒருத்தி வந்து உலகத்துப் பாவிகளையெல்லாம் காட்டுவாள். பாவிகள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். தர்ஸ்டன் மட்டும் ஓரமாக நின்று அவர்களுக்காகக் கண்ணீர் விடுவார்.

யாருக்கும் கோபம் வராது. மாவில் கைவைக்கிற ஆலைக்காரனைப் பற்றிப் பாடும்போது, எங்கள் ஆலைக்காரர் வைமண்ட்தான் தொடையில் தட்டிச் சிரிப்பார். "ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆலைக்காரனை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டப்பா!"

தர்ஸ்டனின் மனைவி எம்மட் பட்டறையில் தோல் வெட்டுவாள். காலையிலிருந்து அவள் காதில் பாட்டுதான். ஒருநாள், "நாய் தோலை இழுத்துட்டுப் போகுதுய்யா!" என்று அவள் கத்த, அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நாய்... வாய்... நல்லா இருக்கே, இன்னொரு தடவை சொல்லு" என்றாராம்.

அந்த மே மாதம், தோல் அலச ஓடைக்குப் போன இடத்தில் அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். கனவில் ஒளியும் இல்லை, பெண்ணும் இல்லை. அவருடைய ஒட்டுப்போட்ட குல்லாயையே போட்டுக்கொண்டு, அவர் மாதிரியே காலைச் சாய்த்து நடந்து ஓர் ஆள் வந்தான். முகமும் அதேதான்.

"இதைக் கேளு" என்று சட்டைக் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. பாட்டுக்கு மேல் பாட்டு. தர்ஸ்டனுக்குத் தாகம், சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது, அவன் பார்க்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை பேச விடக்கூடாதா?" என்று கெஞ்சினார்.

"தாராளமாப் பேசு. பாட்டு எப்படின்னு சொல்லு."

வியர்த்துப்போய் எழுந்தார். வீட்டுக்கு வந்து எம்மட்டின் எதிரில் சும்மா உட்கார்ந்தார்.

"என்னய்யா, காய்ச்சலா?" அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ ஏதாவது சொல்லு. நான் கேக்குறேன்."

"சாகப்போறவன் மாதிரிப் பேசாதய்யா."

ஆனாலும் சொன்னாள். கத்தரி பிடித்துப் பிடித்துக் கிறிஸ்துமஸிலிருந்து தோள் வலிக்கிறதாம்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். வலிக்கு எலின்னு எதுகை போட்ட."

மறுநாளிலிருந்து தோல் வெட்டுவது அவர் வேலையாயிற்று. முதல் வாரம் வெட்டியதெல்லாம் இடதுகைக்கே ஆகும்படி இருந்தது.

பெந்தெகொஸ்தே திருநாள் அன்று ஊர் விருந்தில் இந்தக் கனவைத்தான் பாடினார். அதில் ஆலைக்காரர் இல்லை, பாதிரியார் இல்லை, தர்ஸ்டன் ஒருவர்தான். நாங்கள் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தோம். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து தட்டைப் பார்க்க ஆரம்பித்தோம்.

வாசலில் வைமண்ட் அவரை மறித்தார். "உனக்கு எம்மேல என்னப்பா பகை?"

"நான் என்னையத்தானே பாடினேன்?"

"யாருகிட்ட கதை விடுற? பாட்டு முடியிற வரைக்கும் எம் பொண்டாட்டி என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா!"

அதற்குப் பிறகு பாதிரியாரும் வந்தார், பாடியது தன்னைத்தான் என்ற புகாரோடு.

கோடை முழுக்க வைமண்ட் பேசவில்லை. குளிர் தொடங்கியதும் கையுறை வேண்டும் என்று வந்தவர், உட்கார்ந்து புலம்பினார். "சாப்பிட்டதும் தினம் அவ பேசணுமாம், நான் கேக்கணுமாம். எல்லாம் உன்னால."

"என்ன சொல்றாங்க?"

வைமண்ட் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"நேத்து ஒண்ணு சொன்னா பாரு," என்று அடக்க முடியாமல் சிரித்தார், "இருபது வருஷமா இவ்வளவு குசும்பை எங்க ஒளிச்சு வச்சிருந்தாளோ!"